டெரி சாருக்குச் சேர வேண்டிய சிரிப்பு

கார்மேகத்தைக் காமெடியன் ஆக்கியது கலைத்தாகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு கொக்கிதான்.

ஷார்ஜாவில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடியில் அவன் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். உயரத்தில் நிற்கிறவன் உடம்போடு சேர்த்து பாதுகாப்பு பெல்ட் போட வேண்டும், அதிலிருந்து வரும் கயிற்றின் கொக்கியை அசையாத இரும்பில் மாட்ட வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு முறை நகரும்போதும் கழற்றி மாட்டுவது பெரிய ரோதனை. கார்மேகம் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தான். கொக்கியைத் தன் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். விழுந்தால் மட்டும் கார்மேகமும் கொக்கியும் பிரியாமல் ஒன்றாகப் போய்ச் சேருவார்கள்.

இதைக் கையும் களவுமாகப் பிடித்தவர் டெரி சார். சேஃப்டி ஆபீசர், இங்கிலாந்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். வெயிலில் சிவந்து சிவந்து கடைசியில் சிவப்பாகவே நின்றுவிட்ட கழுத்து. அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே கார்மேகத்தின் பாஸ்போர்ட்டில் கலாஸ், அதாவது கதை முடிந்தது என்று எழுதியிருக்கலாம். அவரோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார். தன்னையே பிடித்துக்கொண்டு இவ்வளவு நம்பிக்கையாக நிற்கிற ஒரு மனிதனைத் தான் பார்த்ததே இல்லை என்றார். தண்டனையாக ஒன்று சொன்னார். நாளை முதல் காலை மீட்டிங்கில் அவர் பேசுவதைத் தமிழ் ஆட்களுக்குக் கார்மேகம் மொழிபெயர்க்க வேண்டும்.

அந்த மீட்டிங்குக்கு டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். அதில் டூலும் கிடையாது, பாக்ஸும் கிடையாது. டூட்டி தொடங்குமுன் எல்லாரும் மண்ணில் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். டெரி சார் ஒரு பெட்டிமேல் ஏறி இங்கிலீஷில் ஒரு வரி சொல்வார். இந்திக்காரர்களுக்கு ஒருவன், வங்காளிகளுக்கு ஒருவன், தமிழர்களுக்கு ஒருவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று மொழிகளிலும் அதுவரை ஒரே மாதிரிக் கொட்டாவிதான் வந்துகொண்டிருந்தது.

டெரி சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் ஒரு ஜோக்கோடுதான் தொடங்குவார். கார்மேகத்தின் முதல் நாளன்று அவர் சொன்னது இது: "எங்கள் ஊரில் நீச்சல்குளம் கிடையாது. பஸ் ஸ்டாப் உண்டு. நான் அங்கேதான் நீந்தக் கற்றுக்கொண்டேன்."

கார்மேகம் பயபக்தியோடு அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னான். ஒருத்தரும் அசையவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நிற்கிறவர்களில் பாதிப்பேர் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி. கண்மாயில் தண்ணீரைப் பார்த்தே வருஷக்கணக்கானவர்கள். அவர்களிடம் போய், ஓயாமல் மழை பெய்கிறது என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டால் வயிறுதான் எரியும். முன்வரிசையில் நின்ற ஐயப்பன், கார்மேகத்தின் ரூம்மேட், மன்னார்குடிப் பக்கத்துத் தச்சன், பிறந்ததிலிருந்து சிரித்ததாக யாரும் சாட்சி சொல்லாத மனிதன், அந்த ஊரில் எத்தனை போகம் விளையும் என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் டெரி சார் வேறொரு ஜோக் சொன்னார். கார்மேகம் அதைக் கேட்டான், விழுங்கினான், அதற்குப் பதிலாகத் தன் மானத்தையே எடுத்துக் கடைவிரித்தான்.

"கொக்கிய எங்கய்யா மாட்டுவீகன்னு சார் கேக்குறாரு. மூளை இருக்கவன் இரும்புல மாட்டுவான். என்னய மாதிரி ஆளு தன் பெல்ட்டுலயே மாட்டுவான். அப்படிப்பட்டவன் பொட்டியில ஊருக்குப் போனா, பொட்டி மேல 'தனக்குத் தானே துணை'ன்னு எழுதி அனுப்புவாகளாம்."

சிரிப்பு குபீரென்று கிளம்பியது. இந்திக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. டெரி சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக்கூட அப்படி ஒரு பூரிப்பு வராது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றித் தமிழர்களுக்கு வணக்கம் வைத்தார்.

அவ்வளவுதான், பயல் ருசி கண்டுவிட்டான். தினமும் அதே கதைதான். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கார்மேகம் விளையாடியதில்லை. பெல்ட், தண்ணீர், கிரேனுக்குக் கீழே நிற்காதே, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவான். ஜோக்கைத்தான் மாற்றுவான். தன் சிறுநீர் போகிற மஞ்சளுக்கு அதை வைத்து ரூமுக்கே பெயிண்ட் அடிக்கலாம் என்பான். டெரி சார் முகத்தில் பூசும் வெயில் கிரீமைப் பற்றி, விபூதிக்கு இவ்வளவு செலவழிக்கிற பக்தனைப் பழனியில்கூடப் பார்க்க முடியாது என்பான். கேம்ப் சாம்பார், குளிரூட்டாத ஏசி, டூட்டி பஸ், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எச்.ஆர். மேனேஜர் சேதுமாதவனையும்தான். எதைக் கேட்டாலும் 'அடுத்த மாசம் பாக்கலாம்' என்பது அவருடைய ஒரே பதில். தமிழ் தெரியாத வங்காளிகள்கூடத் தமிழ்க் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்று, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஐயப்பன் மட்டும் உம்மென்று நின்றான்.

தான் பெரிய ஆளாகிவிட்டதை நாகஜோதியிடம் போனில் சொன்னான் கார்மேகம். அவன் மனைவி, ஒரு வார்த்தையை வீணாக்காதவள். "ஏன், அங்க இருக்கவுகளுக்குப் பொழுதுபோக வேற ஒண்ணும் இல்லையாக்கும்?" என்றாள். லீவில் ஊருக்குப் போனபோது ஒரு காதுகுத்து விருந்தில் மைக்கைப் பிடுங்கித் தன் திறமையைக் காட்டினான். சிரிப்பு வரவில்லை. மச்சினன் வந்து, குடித்திருக்கிறானா என்று வாயை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். அந்த விருந்தை நினைத்தால் கார்மேகத்துக்கு இன்றைக்கும் காது சுடும்.

டெரி சாரைப் பற்றிய உண்மை பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் அவருடைய பிக்கப்பில் சாமான் எடுக்கப் போகும்போது போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினார். லண்டனில் ஏதோ சாப்பாட்டுக் கடைக்குக் கீழே ஒரு நிலவறை. அதில் ஒல்லியான ஒருத்தன் தன் பேன்ட்டில் தீயை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து அரசாங்கத்தைத் திட்டுகிறான். நாற்காலியை உடைக்கிறான். பார்க்க வந்தவர்களையே, வேறு வேலை இல்லையா என்று ஏசுகிறான். அது டெரி சார்தான். நாட்டையே திட்டிக் கலகம் பண்ணிய காமெடியன். ஒருமுறை டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். நேரலையில் பேட்டி எடுத்தவரின் மடியில் மீன் சூப்பைக் கவிழ்த்தார். அப்புறம் கூப்பிடவில்லை. சின்ன ஊர்கள், அதைவிடச் சின்ன ஊர்கள், கடைசியில் வயிற்றுப்பாட்டுக்குச் சேஃப்டி சர்டிபிகேட். தீயைப் பற்றி அனுபவத்தோடு பேசக்கூடிய ஒரே சேஃப்டி ஆபீசர் தான்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். தன் வாழ்க்கையில் ஜனங்கள் சிரித்ததெல்லாம் தீயைப் பார்த்தும் சூப்பைப் பார்த்தும்தான். தன் வாயிலிருந்து வந்த ஒரு வரிக்கு ஒருத்தராவது சிரிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. இப்போது காலையில் சைட்டுக்கு வருவதற்கே சந்தோஷமாக இருக்கிறது.

அந்த மனிதனின் வரிகளைத்தானே கார்மேகம் தினமும் காலையில் குழிதோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தான். எடுத்த வாயால் சாமான் கணக்கைக் கேட்டுவிட்டான். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் கூட்டம் ஆவலாகப் பார்த்ததும் வெட்கம் எங்கேயோ ஓடிப்போய்விட்டது. அவன் லட்சணம் அவ்வளவுதான்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. கட்டடம் முடிகிற நேரத்தில் கம்பெனியின் சேஃப்டி தினம் வந்தது. கேம்ப் மைதானத்தில் பந்தல், மேடை, பிரியாணி, ஐஸ்கிரீம். கம்பெனி முதலாளியான அர்பாப் நேரில் வருகிறார் என்றார்கள். மேடையில் தான் ஒரு காமெடி நிகழ்ச்சி நடத்தப்போவதாகவும் கார்மேகம் மொழிபெயர்ப்பான் என்றும் டெரி சார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கார்மேகத்துக்கு அது சிக்கலாகப் போயிற்று. காரணம் முன்வரிசையில் உட்காரப்போகிற சேதுமாதவன். பாலக்காட்டுக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர். தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். டெரி சார் சொல்வது ஒன்று, கார்மேகம் சொல்வது வேறு என்று அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கட்டடம் முடிந்ததும் பாதி ஆட்களுக்கு விசா புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சு இருந்தது. யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் கையில். ஊரில் கார்மேகத்தின் வீடு மேல்தளம் போடாமல் நிற்கிறது. நாடெல்லாம் போய்க் கம்பி கட்டுகிறவனுடைய சொந்த வீட்டுக் கம்பி, வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் வேலை போனால் நாகஜோதி ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தக் கம்பியை ஒருமுறை பார்ப்பாள். அது போதும்.

ஆகவே ஒழுங்கான மனிதனாக நடந்துகொள்வது என்று முடிவு செய்தான். டெரி சார் சொல்வதை அப்படியே சொல்வது. ஒரு சொல் கூடாது, குறையாது.

அன்று மேடையில் டெரி சார் பளபளக்கும் பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் போட முடியாத அளவுக்கு வயிறு முன்னால் நின்றது. மைக்கைப் பிடித்ததும் பழைய நீச்சல்குளம், பஸ் ஸ்டாப்பில் தொடங்கினார். கார்மேகம் அப்படியே சொன்னான். பந்தல் முழுக்க, பிரியாணி எப்போது வரும் என்கிற முகங்கள். டெரி சார் அடுத்ததைச் சொன்னார். கார்மேகம் அதையும் ஒழுங்காகச் சொன்னான். எங்கேயோ ஒரு ஸ்பூன் விழுந்த சத்தம் கேட்டது. அர்பாப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சேதுமாதவன், பரவாயில்லை, சரியாகத்தான் மொழிபெயர்க்கிறான் என்பதுபோலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக அந்த மனுஷரை என்ன பாடுபடுத்துகிறோம் என்று அந்தப் பளபளக் கோட்டைப் பார்த்தபோது கார்மேகத்துக்கு அழுகை வந்தது.

டெரி சார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அருகில் வந்தார்.

"இது யாருடைய வரிகள்?"

"உங்களுடையது சார்."

"அது எனக்குத் தெரியும். இவற்றை வைத்துக்கொண்டு எத்தனையோ ஊர்களில் நான் செத்திருக்கிறேன். உன்னுடைய வரிகள் எங்கே?"

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

"நான் ஜோக்கை முடிப்பதற்கு முன்னாலேயே வருகிற சிரிப்பு என்னுடையது இல்லை. என் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தம்பி. அது சத்தமே போடாது." அவர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "ஒன்றாவது என்னுடையதாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றைக்கு வேண்டாம். இன்றைக்கு நான் சாக விரும்பவில்லை. கொக்கியைச் சொல்."

கார்மேகம் முன்வரிசையைப் பார்த்தான். சேதுமாதவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துருப்பிடித்த கம்பி கண்முன் வந்தது. போகட்டும் போ என்று மைக்கைத் திருப்பினான்.

"பதினோராவது மாடியில ஒருத்தன் இருந்தான். அவனுக்கு யார் மேலயும் நம்பிக்கை கெடையாது. இரும்பு மேலகூட."

அந்தக் கடைசி வரியிலேயே பந்தல் விழித்துக்கொண்டது. அவன் கொக்கியைச் சொல்லச் சொல்ல, டெரி சார் மேடையில் காட்சிக்கு வைத்திருந்த பெல்ட்டை எடுத்துக் கோட்டுக்கு மேல் மாட்டினார். கொக்கியைத் தன் இடுப்பிலேயே கோத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்திக் கார்மேகம் நடக்கிற நடையை நடந்தார். ஜனங்கள் விசில் அடித்தார்கள். ஐஸ்கட்டித் தண்ணீர் வாளியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஒருத்தன் சொல்ல, இன்னொருவர் செய்ய, யார் யாரை மொழிபெயர்க்கிறார்கள் என்றே தெரியவில்லை. விழுந்தவனைப் பற்றிச் சகாக்கள் சேதுமாதவன் ஆபீசில் போய்ச் சொல்கிற இடம் வந்தது. வாய் நிற்கவில்லை.

"ஓடிப்போயி, சார், கார்மேகம் பதினோராவது மாடியிலருந்து விழுந்துக்கிட்டு இருக்கான், இப்ப ஒம்பதாவது மாடிக்கிட்ட வாரான்னு சொன்னாக. சார் நிமுந்து பாக்கல. அடுத்த மாசம் பாக்கலாம்னாரு."

பந்தல் கிழிந்துவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து டெரி சார், கொக்கி இடுப்பில் ஆட, மேடையிலிருந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதித்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் நாலு பக்கமும் பறந்தன. வலியில் முகம் கோணியது. ஆனாலும் படுத்தபடியே கைதூக்கி வணக்கம் போட்டார்.

அர்பாப் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அந்த ஆள் கடைசியாக என்ன சொன்னான் என்று தனக்கும் தெரிந்தாக வேண்டும் என்றார். சேதுமாதவனை மைக்குக்கு அனுப்பினார். கார்மேகம் மைக்கை நீட்டிவிட்டு நாலடி பின்னால் போனான்.

சேதுமாதவன் மைக் முன்னால் நின்றார். முதலாளியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார். பிறகு தெளிவான இங்கிலீஷில் சொன்னார்: "தொழிலாளிக்கு ஒரு பிரச்சனை என்றால் எச்.ஆர். அன்றைக்கே கவனிக்கும் என்று சொல்கிறார்."

வருஷக்கணக்காக சைட் இங்கிலீஷில் ஊறியவர்களுக்கு அந்த அளவுக்குப் புரியும். அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, கார்மேகம் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட வாங்காத சிரிப்பு அது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சேதுமாதவன் முதலில் திடுக்கிட்டார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. மைக்கை விட்டு இறங்க அவருக்கு மனமே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கார்மேகம் பெட்டியை மனசுக்குள் கட்டிவிட்டுத்தான் போனான். சேதுமாதவன் கதவைச் சாத்தச் சொன்னார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார், கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார். அடுத்த வருஷ நிகழ்ச்சியில் தனக்கும் இரண்டு வரி கிடைக்குமா? அடுத்த வருஷம் என்றால் தனக்கு விசா உண்டு என்று அர்த்தம் என்பது கார்மேகத்துக்குப் படி இறங்கும்போதுதான் உறைத்தது.

டெரி சாருக்குத்தான் வேலை போனது. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. சைட் வாசலில் விபத்தில்லாத நாட்களைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. அந்த வருஷம் முழுக்க ஏறிக்கொண்டே போன எண்ணைப் பூஜ்யமாக்கியவர் சேஃப்டி ஆபீசரேதான். கம்பெனி என்ன செய்யும்? கார்மேகம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டான். தன்னைப் பற்றி இத்தனை வருஷமும் காலையில் என்னவெல்லாம் சொன்னாய் என்று டெரி சார் கேட்டார். கார்மேகம் ஒன்றுவிடாமல் சொன்னான், விபூதி வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. தொழில்காரர் முகத்தோடு கேட்டுவிட்டு, விபூதிக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். மாவுக்கட்டுக் காலோடு விமானம் ஏறிவிட்டார்.

புதிதாக வந்த ஆபீசர் ஜோக்கே சொல்லாதவர். கார்மேகம் பழைய சரக்கை எடுத்துவிட்டுப் பார்த்தான், எடுபடவில்லை. பக்கத்தில் ஒரு சிவப்புக் கழுத்து நம்பிக்கையோடு நின்றால்தான் அந்த வேடிக்கை வேடிக்கை என்பது அப்போதுதான் புரிந்தது. பாதித் தொழில் அவருடையதாக இருந்திருக்கிறது. அதுகூடத் தெரியாத மடையன் தான் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அப்புறம் அந்த மழை வந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையே கண்டிராத மழை. சாலையும் தெரியவில்லை, நடைபாதையும் தெரியவில்லை. கேரேஜ் வாசலில் கார்கள் மிதந்தன. இரண்டு நாள் டூட்டி மாஃபி, வேலையே கிடையாது. மூன்றாம் நாள் காலை, பஸ் வரும் என்று சொன்னதால் கேம்ப் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். கைலியைத் தூக்கிக் கட்டி, சாப்பாட்டுத் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஐயப்பன் கால் வழுக்கித் தண்ணீருக்குள் போய், இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு கம்பத்தைப் பிடித்து எழுந்தான்.

கார்மேகத்துக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

"டெரி சார் ஊர்ல நீச்சல்கொளம் கெடையாதாம்ப்பா. பஸ் ஸ்டாப்புதானாம். அங்கதான் நீந்தப் பழகுனாராம்."

முதலில் சிரித்தவன் ஐயப்பன். பல்லெல்லாம் தெரிய, தூக்குச்சட்டி தலையிலிருந்து நழுவித் தண்ணீரில் போக, அதைப் பிடிக்கக்கூடத் தோன்றாமல் சிரித்தான். பிறகு எல்லாரும். வங்காளிகளும்தான். கார்மேகம் ஈரக் கையால் போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினான். கீழே தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு வரி எழுதினான்: சார், இது உங்கள் ஜோக். ஒரு சொல் மாற்றவில்லை. முதலில் சிரித்தது ஐயப்பன்.

அதிகாலை நேரம், அங்கே தூங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தான். ஆனால் கேட்டுவிட்டார் என்பதற்கான அடையாளம் உடனே வந்தது. பஸ் வந்து, ஏறி, நனைந்த ஆட்களோடு நெருக்கி உட்கார்ந்தபோதுதான் பதில் வந்தது.

"சிரித்தவர் தலையில் ஏதோ விழுந்திருக்கும். அப்போது ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று விசாரி."